திண்ணையில் நடந்த சங்கம்: துளிர் இல்லங்களும் முதலியார்பேட்டையும்

தமிழில் சிறுவர் இதழ்களின் வரலாற்றை ஆய்வாளர்கள் ஓரளவேனும் எழுதிவைத்திருக்கிறார்கள். அவ்விதழ்களைக் கூடியமர்ந்து படித்த சிறுவர் சங்கங்களைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. இதழ் நூலகத்தில் தங்கிவிடுகிறது; சங்கமோ அதை நடத்திய பிள்ளைகள் வளர்ந்ததும் தடமின்றிக் கலைந்துபோகிறது. முதலியார்பேட்டையில் அவ்வாறு கலைந்த சங்கம் ஒன்றில் இருந்தவர்கள் நாங்கள். அது ஏன் கலைந்தது என்பதைச் சற்று வரலாற்றின் துணையோடு ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1950ஆம் ஆண்டு தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தில் முக்கியமானது. சக்தி வை. கோவிந்தன், அழ. வள்ளியப்பா முதலியோரின் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் அவ்வாண்டில்தான் தோன்றியது. கலைமகள் நிறுவனத்தின் 'கண்ணன்' இதழும் ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு அவ்வாண்டிலேயே வெளிவரத் தொடங்கியது. இவை பெரும் பணிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் எழுதுவோர் பெரியவர்கள், படிப்போர் சிறுவர்கள் என்ற பிரிவினை இவற்றில் நிலையாக இருந்தது.

வேறொரு திசையிலிருந்து மாற்றம் வந்தது. 1987 அக்டோபர் 2 முதல் நவம்பர் 7 வரை, மக்கள் அறிவியல் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து நாடெங்கும் கலைப்பயணம் நடத்தின. அந்த நவம்பரிலேயே தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் இணைந்து 'துளிர்' என்னும் சிறுவர் அறிவியல் மாத இதழைத் தொடங்கின. படித்ததைச் செய்து பார் என்று அவ்விதழ் சொன்னது. செய்து பார்க்க நால்வர் கூடவேண்டும். கூடுவதற்கு ஓரிடம் வேண்டும். துளிர் இல்லங்கள் எனப்பட்ட சிறுவர் மன்றங்களின் தேவை இதிலிருந்தே பிறந்தது எனலாம்.

அதற்கு ஆள் தந்தது அறிவொளி இயக்கம். 1989, 90ஆம் ஆண்டுகளில் புதுச்சேரி வீதிகளில் மாலை நேர எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. பெரியவர்களுக்குப் பாடம் சொல்ல வந்த அக்காமார்களைச் சுற்றிப் பிள்ளைகளும் கூடினார்கள். எங்கள் வீதியிலும் அப்படித்தான். தாய்மார்களுக்கு 'அ' எழுதக் கற்பித்த ஓர் அக்காதான் 1991இல் எங்கள் கையில் துளிர் இதழைக் கொடுத்து, "நீங்களே நடத்துங்கடா" என்றார். அப்போது எங்களில் மூத்தவனுக்கு வயது பன்னிரண்டு.

1898இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையை, ஊரார் ரோடியர் மில் என்றே அழைத்த அதனை, ஒட்டி வாழ்ந்த வீதி அது. எங்கள் கூட்ட நேரத்தையும் ஆலைதான் தீர்மானித்தது. இரவு ஷிப்டு முடித்த தந்தையர் பகலில் உறங்குவார்கள்; ஆதலால் மாலை ஐந்துக்கு முன்பு சத்தம் கூடாது. சனிக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஒருவர் துளிரை உரக்கப் படிப்பார். பிறகு அட்டைப் பெட்டியில் ஊசித்துளைக் காமிரா செய்வதோ, நீர் நிறைந்த டம்ளரை அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்ப்பதோ நடக்கும். வாரம் கால் ரூபாய் சந்தா. வரவுசெலவை நோட்டில் எழுதுவது சங்கத்தின் மிகப்பெரிய பதவி. அதற்காக இரண்டுமுறை சண்டையும் நடந்தது.

1994இல் மூத்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தது. "பரீட்சை முடிந்ததும் நடத்துவோம்" என்றோம். நடத்தவில்லை. ஆர்வம் குறைந்ததே காரணம் என்றுதான் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தோம்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாகியைச் சூழ்ந்திருக்கும் கேரளத்தைப் பார்த்தபோது அக்கருத்து மாறியது. அங்கும் 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் உண்டு. 1970 முதல் அது நடத்தும் 'யுரேகா' என்ற சிறுவர் இதழ் உண்டு. ஆனால் அவற்றுக்கும் முன்பே, 1945இல் பி. என். பணிக்கரின் முயற்சியில் 47 நூலகங்களைக் கொண்டு தொடங்கிய நூலக இயக்கம் அங்கு ஊர்தோறும் வேரூன்றியிருந்தது. அங்குள்ள பாலவேதிகள் எனப்படும் சிறுவர் மன்றங்களுள் பல நூலகங்களைச் சார்ந்தவை. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினாலும் அறை இருக்கிறது, அலமாரி இருக்கிறது, அடுத்த அணி வந்து அமர்கிறது.

சிறுவர் சங்கத்துக்கு இயல்பான ஆயுள் மூன்று நான்கு ஆண்டுகளே. அதை நடத்துவோர் சிறுவர்களாக இருக்கும் காலம் அவ்வளவுதான். எனவே தொடங்கிய நாளிலேயே ஒப்படைப்பைப் பற்றியும் எண்ணவேண்டும். எங்களுக்கு இதழ் இருந்தது, வழிகாட்ட ஆளும் இருந்தது. நிலையான இடம்தான் இல்லை. அதைவிட முக்கியமாக, எட்டு வயதுப் பிள்ளைகள் ஐவர் திண்ணையின் ஓரத்தில் தவறாமல் வந்து அமர்ந்திருந்தார்கள். அவர்களிடம் அந்த நோட்டைக் கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளைகள், தொலைத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். பெரியவர்கள் எங்களைப் பற்றி நினைக்காத ஒன்றை நாங்கள் அவர்களைப் பற்றி நினைத்தோம்.

ஆலை 2020 ஏப்ரலில் முறைப்படி மூடப்பட்டது. நோட்டு எங்களில் ஒருவரிடம் இன்றும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நான்கு ரூபாய் எழுபத்தைந்து காசு இருப்பு. இதுபோன்ற நோட்டுகள் புதுவையின் பிற வீதிகளிலும் பரண்களில் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுத்துவைக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். சிறுவர் சங்கங்களின் வரலாற்றை எழுதுவோருக்கு அவையே முதற்சான்றுகள்.