விழுங்க இயலாதார்க்கு உணவூட்டிய வரலாறு

உண்ணுதல் எளிய செயலெனவே யாவரும் கருதுவர். ஆயின் ஒரு கவளம் தொண்டையைக் கடக்கையில் நாவும் அண்ணமும் குரல்வளை மூடியும் ஒருங்கியைந்து தொழிற்படல் வேண்டும். அவ்வியைபு ஒருகணந் தவறினும் உணவு மூச்சுக்குழலுட் புகும். மூளையின் இரத்தவோட்டம் தடைப்பட்டோ குருதி கசிந்தோ உண்டாகும் பாரிசவாதம், கைகால்களை மட்டுமன்றி இவ்வியைபையுங் கெடுக்கவல்லது. அந்நிலையில் அன்பினால் ஊட்டப்படும் கஞ்சியே நுரையீரலிற் சென்று உயிருக்கு ஊறாதல் கூடும். இவ்விடர்ப்பாட்டைக் கடக்க மனிதன் கண்ட வழியே உணவுக்குழாய்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய வைத்தியரான பப்ரிசியசு மூக்கின் வழியே வெள்ளிக் குழாயைச் செலுத்தி உணவூட்டினார். உலோகம் வளையாது, ஆதலின் அம்முறை பரவவில்லை. அடுத்த பெருமுயற்சி இலண்டன் இரணவைத்தியர் யோன் அண்டருடையது. விழுங்குந் தசைகள் செயலற்ற ஒருவருக்கு, திமிங்கில எலும்பெனப்படும் வளையுங் கோலின்மீது விலாங்கு மீனின் தோலைப் போர்த்து, அதன் வழியே அவர் உணவும் மருந்தும் செலுத்துவித்தார். நோயாளி மீண்டும் விழுங்கும் ஆற்றல் பெற்றார். இச்செய்தி 1793இல் வெளியாயிற்று. குழாய் உணவை மட்டுமன்றி, உடல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுங் காலத்தையும் ஈந்தது என்பதே இதனால் அறியப்படுவது.

1849இல் பிரான்சிய வைத்தியர் செடிலோ வயிற்றைத் திறந்து இரைப்பைக்கு நேர்வழி அமைக்க முயன்றார், நோயாளி பிழைக்கவில்லை. 1921இல் அமெரிக்கரான லெவின் மூக்கின் வழிச் செல்லும் மெல்லிய றப்பர்க் குழாயை அறிமுகஞ் செய்தார். வயிற்றை வெட்டித் திறவாது, அகநோக்குக் கருவியின் துணையால் இரைப்பைக்குக் குழாய் இடும் முறை 1980இல் வெளியிடப்பட்டது.

இவ்வறிவுக்கு அடிப்படையாய உடற்கூற்று நூல் யாழ்ப்பாணத்துக்கு அயலன்று. 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், தமிழிலேயே பாடஞ் சொல்லி, 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெருநூலை 1872இல் வெளியிட்டார்.

குழாய் எல்லார்க்கும் நன்மையே தருமா? 2005இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று இதனை ஆராய்ந்தது. அதன் ஒரு பகுதியில் 859 பாரிசவாத நோயாளர் இடம்பெற்றனர். முதற் கிழமையிலேயே குழாயால் உணவூட்டப்பட்டோரிடையே இறப்புக் குறைந்ததுபோலத் தோன்றினும் ஐயம் நீங்கவில்லை. பிழைத்தோருட் பலர் பிறர் துணையின்றி வாழ இயலாதாராயினர். 321 பேரைக் கொண்ட மற்றொரு பகுதி, தொடக்கத்திலேயே வயிற்றுவழிக் குழாய் இடுவதை ஆதரிக்கவில்லை.

ஆகவே, மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுசெல்வோர், விழுங்குந் திறன் சோதிக்கப்படுமுன் ஒரு மிடறு நீரும் கொடாது பொறுத்தல் வேண்டும். பலர்க்குச் சில நாள்களிலோ கிழமைகளிலோ அத்திறன் மீளும்; அதுகாறும் காத்திருக்கக் குழாய் உதவும். மீளாவிடத்து, அதனைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது வைத்தியரும் உற்றாரும் நோயாளியின் உள்ளக்கிடக்கையை முன்வைத்து ஆராய்ந்து துணிதற்குரியது. உணவை மறுத்தலும் அன்பாகும் வேளை உண்டென்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.