பாரத்நெட்

பாரத்நெட் என்பது இந்தியாவின் ஏறத்தாழ 2.5 இலட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடங்கள் மூலம் அகலப்பட்டை இணையத்துடன் இணைக்கும் நடுவண் அரசுத் திட்டமாகும். 2011 அக்டோபரில் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் இதற்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நிதி

வருவாய் குறைந்த சிற்றூர்களுக்கு வடம் பதிக்கத் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் தயங்குகின்றன. எனவே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5% தீர்வையாகப் பெறப்பட்டு, இத்தகைய பணிகளுக்குச் செலவிடப்படுகிறது. இதற்கென 2002இல் அமைக்கப்பட்ட அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதியம், 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தால் டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாற்றப்பட்டது.

தமிழ்நாடு

இங்கு 2018இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் இத்திட்டத்தைச் செயல்படுத்துகிறது. தருமபுரி மாவட்டத்தின் இண்டூர் உட்பட 12,525 ஊராட்சிகளை இணைப்பது இதன் இலக்காகும். முதன்மை வடம் ஊராட்சி வரை மட்டுமே செல்லும். அங்கிருந்து வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தனி இணைப்பு வழங்கப்பட்டால்தான் மக்களுக்குப் பயன் கிட்டும்.