உங்க கடை போன்ல திறக்குதா? மொபைல் வெப்சைட்டின் கதை

இந்த எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

2014. நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். என் தாய்மாமா கோயம்புத்தூரில் கிரைண்டர் விற்பனை, சர்வீஸ் கடை வெச்சிருக்கார். "மாப்ள, கம்ப்யூட்டர்தானே படிக்கிற, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடு"ன்னு கேட்டார். பத்தாயிரம் ரூபாயும் கையில் கொடுத்தார். ஒரு மாசம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து செஞ்சேன். மேலே பெரிய பேனர் படம், அந்தப் படத்துக்குள்ளேயே கடைப் பெயர், முகவரி, போன் நம்பர். கீழே 1000 பிக்சல் அகலத்தில் ஒரு டேபிள், அதில் எல்லா கிரைண்டர் மாடலும். கடையில் பில் போடுற கம்ப்யூட்டர்ல திறந்து காட்டினப்ப மாமா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

சில மாசம் கழிச்சு பொள்ளாச்சி பக்கம் மெஸ் நடத்துற ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். டில்டிங் கிரைண்டரை எங்ககிட்ட வாங்கினவர். நான் அன்னைக்கு கடையில்தான் இருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "சாயங்காலம் பெல்ட் அறுந்து போச்சுங்க. காலையில இட்லிக்கு மாவு வேணும். பில்லக் காணோம். போன்ல உங்க கடை பேரப் போட்டேன், சைட்டு வந்துச்சு. ஆனா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்துச்சுங்க. நம்பரக் கண்டுபிடிக்கவே முடியல. அவசரத்துக்கு வேற ஆளக் கூப்ட்டுட்டேன்."

அந்த வேற ஆள்தான் இப்ப அவரோட ரெண்டு கிரைண்டரையும் பார்த்துக்கிறார். மாமா என்னைத் திட்டவே இல்லை. "போர்டு வெச்சோம், படிக்கத்தான் முடியல"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

அப்புறம்தான் நான் தேட ஆரம்பிச்சேன். இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது? நான் மட்டும் செஞ்ச தப்பா? இல்லை. இதுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

முதல் வெப்சைட் போனில் ஒழுங்காகத் திறக்கும்

டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் செர்ன் ஆராய்ச்சி மையத்தில் இருந்து உலகின் முதல் வெப்சைட்டைப் பொதுவில் அறிவித்தார். அந்தப் பக்கத்தை 2013-ல் செர்ன் பழைய முகவரியிலேயே மறுபடி வெச்சாங்க. இன்னைக்கு உங்க போனில் திறந்து பாருங்க. எழுத்து திரை அகலத்துக்குத் தானா மடிஞ்சு வரும். பக்கவாட்டில் இழுக்கவே வேண்டாம்.

1991-ல் ஸ்மார்ட்போன் கிடையாது. ஆனா எந்தத் திரையில் படிப்பாங்கன்னு அவருக்குத் தெரியாது. செர்னில் ஆளுக்கொரு வகைக் கம்ப்யூட்டர் இருந்தது. அதனால் எச்.டி.எம்.எல்.லில் அவர் அகலத்தைச் சொல்லவில்லை. இது தலைப்பு, இது பத்தி என்று மட்டும் சொன்னார். எப்படி அடுக்குவது என்பதைத் திரையிடம் விட்டுவிட்டார். அதாவது, வெப் பிறக்கும்போதே வளைஞ்சு கொடுக்கிற பொருளாகத்தான் பிறந்தது.

அதை விறைப்பாக்கினது நாம. 90-களின் நடுவில் டிசைனர்கள் வந்தாங்க. அவங்களுக்குப் பழக்கம் அச்சுத் தாள். நோட்டீஸ் மாதிரி, புத்தகம் மாதிரி எல்லாம் இடம் மாறாம நிக்கணும். டேவிட் சீகல் 1996-ல் எழுதிய ஒரு புத்தகம், டேபிளையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தையும் வெச்சுப் பக்கத்தைப் பூட்டிப் போடுற வித்தையைப் பரப்பியது. 640 பிக்சல், அப்புறம் 800, அப்புறம் 1024. திரை பெருசாகப் பெருசாக, பக்கமும் அந்த அளவுக்கே தைக்கப்பட்டது. நான் 2014-ல் மாமாவுக்குத் தைச்சது அந்தப் பழைய சட்டைதான்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 2000 ஏப்ரலில் ஜான் ஆல்சாப் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். வெப் பக்கம் தாள் இல்லை, அதன் வளையும் தன்மை குறை இல்லை, அதுதான் அதோட பலம் என்பது அவர் வாதம். படிச்சவங்க பாராட்டினாங்க. வேலையில் பெரும்பாலானவங்க மாத்திக்கலை.

போனுக்கென்று தனி வெப்

இதே சமயத்தில் போன் கம்பெனிகள் வேற பாதையில் போனாங்க. எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா, அன்வயர்டு பிளானட் நாலும் சேர்ந்து 1997-ல் வாப் ஃபோரம் ஆரம்பிச்சாங்க. 1999-ல் நோக்கியா 7110 வாப் வசதியோடு வந்தது. இதில் ஒரு சிக்கல்: வாப் பக்கத்தை டபிள்யூ.எம்.எல். என்ற தனி மொழியில் எழுதணும். இருக்கிற வெப்சைட் அப்படியே வராது. கூடவே, ஆரம்பத்தில் பேசுற கால் மாதிரி நிமிஷத்துக்குக் காசு. பக்கம் மெதுவா வரும், மீட்டர் வேகமா ஓடும்.

ஜப்பானில் என்.டி.டி. டோகோமோ 1999 பிப்ரவரியில் ஐ-மோட் சேவையைத் தொடங்கியது. அது ஓடிச்சு, சும்மா ஓடலை, பறந்துச்சு. காரணம் ரெண்டு. ஐ-மோட் மொழி சாதாரண எச்.டி.எம்.எல்.லின் சுருக்கப்பட்ட வடிவம். வெப் பக்கம் எழுதத் தெரிஞ்ச யாரும் எழுதலாம். காசும் நிமிஷத்துக்கு இல்லை, வந்த டேட்டாவுக்கு மட்டும். சந்தா வசூலையும் டோகோமோ போன் பில்லிலேயே செஞ்சு, 9 சதவீதம் எடுத்துக்கிட்டு மீதியை சைட் நடத்துறவங்களுக்குக் கொடுத்தது.

எனக்கு இதில் தெரியிற பாடம் இது: போனுக்குன்னு தனியா ஒரு வெப் கட்டினா, அதைப் பராமரிக்க ஆள் இருக்காது. பின்னாடி பெரிய கம்பெனிகள் டெஸ்க்டாப்புக்கு ஒண்ணு, போனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சைட் வெச்சப்பவும் இதே கதைதான். அவங்களுக்கு ஆள் பலம் இருந்தது. எங்க மாமா ஒரு இடத்தில் விலையை மாத்திட்டு இன்னொரு இடத்தில் மறந்துதான் போவார்.

ஐபோன் செய்த சமாதானம்

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகம் செஞ்சப்ப, நியூயார்க் டைம்ஸின் முழு வெப்சைட்டையும் அதில் திறந்து காட்டினார். ரெண்டு தடவை தட்டினா பெருசாகுது. அரங்கமே கைதட்டியது.

உள்ளே நடந்தது என்ன? ஐபோனின் திரை அகலம் அப்போ 320 பிக்சல். ஆனா சஃபாரி பிரவுசர், வர்ற பக்கம் எல்லாம் 980 பிக்சல் அகலம்னு வெச்சுக்கிட்டு, அதை மூணில் ஒரு பங்காச் சுருக்கிக் காட்டியது. 14 பிக்சல் எழுத்து 5 பிக்சலுக்கும் கீழே போயிடும். மெஸ் அண்ணன் பார்த்த எறும்பு இதுதான். மத்த போன்களும் இதே வழிக்கு வந்தாங்க. பழைய சைட் எல்லாம் உடையாம திறந்ததால், பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நாம நம்பிட்டோம். உண்மையில், விரலால் பெருசாக்கிப் படிக்கிற வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டியிருந்தோம்.

"என்னைச் சுருக்காதே, உன் திரை எவ்வளவு அகலமோ அதுவே என் அகலம்" என்று பக்கமே சொல்ல ஆப்பிள் ஒரு வழியும் கொடுத்தது. வியூபோர்ட் என்ற ஒரே ஒரு வரி. என் சைட்டில் அந்த வரி இல்லை.

2010 மே 25 அன்று ஈத்தன் மார்காட் ஒரு கட்டுரையில் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் என்று இதற்குப் பெயர் வெச்சார். மூணே பொருள்: விகிதத்தில் அளக்கும் கட்டங்கள், சுருங்கி விரியும் படங்கள், திரை அளவைப் பார்த்து அடுக்கை மாத்தும் மீடியா குவரி. ஒரே பக்கம், எல்லாத் திரைக்கும். 2011-ல் பாஸ்டன் குளோப் நாளிதழ் தன் சைட்டை இப்படி மாத்தி, பெரிய சைட்டிலும் நடக்கும்னு காட்டியது. என்னைக் கேட்டா, இது புது கண்டுபிடிப்பை விட, 1991-ல் இருந்த குணத்துக்குத் திரும்பினதுதான்.

வாடிக்கையாளர் முன்னாடியே வந்துட்டார்

இந்தியாவில் 2012-லேயே மொபைல் வழி வெப் பயன்பாடு டெஸ்க்டாப்பைத் தாண்டிடுச்சு. உலக அளவில் 2016 அக்டோபரில்தான் தாண்டியதாக ஸ்டாட்கவுண்டர் கணக்கு சொன்னது: 51.3 சதவீதம். அதாவது இந்த விஷயத்தில் நம்ம ஊர் உலகத்துக்கு முன்னாடி. நம்ம வீடுகளில் பலருக்கு முதல் கம்ப்யூட்டரே போன்தான்.

2015 ஏப்ரல் 21-ல் கூகுள், போனில் தேடுறவங்களுக்கு, போனுக்கு ஒத்துவரும் பக்கங்களை மேலே காட்ட ஆரம்பிச்சது. பெருசாக்காமல் படிக்க முடியணும், பக்கவாட்டில் இழுக்கக் கூடாது, லிங்க்குகளுக்கு நடுவே விரலுக்கு இடம் வேணும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை தரைக்கு இறங்கியது. அந்த நவம்பரில், இனி சைட்டின் போன் வடிவத்தைத்தான் முதலில் படிப்போம் என்று கூகுள் அறிவிச்சது. 2023 அக்டோபரில் அந்த மாற்றம் முடிஞ்சது.

என் பேனர் படம் 3 எம்.பி. 2014-ல் 2ஜி-யில் நொடிக்கு 100 கிலோபிட் கிடைச்சாக்கூட அது முழுசா இறங்க 4 நிமிஷம். மாவு அரைக்க வேண்டிய அவசரத்தில் இருக்கிற மனுஷன் 4 நிமிஷம் காத்திருக்கணும்னு நான் எதிர்பார்த்திருக்கேன்.

இப்ப என்ன செய்யலாம்?

"வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், கூகுள் மேப்ஸ் இருக்கே, சைட் எதுக்கு?"ன்னு பலர் கேக்கறீங்க. நியாயமான கேள்வி. ஒரு ஆள் நடத்துற கடைக்கு முதல்ல மேப்ஸில் சரியான நம்பரும் நேரமும் போதும்னுதான் நானும் சொல்வேன். ஆனா வாட்ஸ்அப் உங்க நம்பர் ஏற்கெனவே இருக்கிறவருக்கு. இன்ஸ்டாகிராமில் பழைய பதிவு கீழே போயிடும். எந்த மாடலுக்கு என்ன பெல்ட், சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும், எந்த ஊர் வரைக்கும் ஆள் வருவாங்கன்னு ஒரே இடத்தில், உங்க பேச்சில் நிலையா இருக்க உங்க சொந்தப் பக்கம்தான் வேணும்.

2017-ல் படிப்பு முடிச்ச கையோட மாமாவுக்குப் புதுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். காசு வாங்கலை. ஒரே பக்கம். மேலே போன் நம்பர், தொட்டா நேரா கால் போகும். அடுத்து கடை நேரம், வழி, விலைப் பட்டியல். எல்லாம் யூனிகோட் தமிழ் எழுத்து, படம் இல்லை. எழுத்தா இருந்தாத்தான் கூகுளும் தேட முடியும், கண் தெரியாதவருக்குப் போன் வாசிச்சுக் காட்டவும் முடியும்.

நீங்க யாருக்காவது காசு கொடுத்து சைட் செய்றீங்கன்னா, அவங்க லேப்டாப்பில் காட்டுறதைப் பார்த்துத் தலையாட்டாதீங்க. உங்க வீட்டில் இருக்கிறதிலேயே பழைய போனை எடுங்க. வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவில் திறங்க. ஒரு கையால் பிடிச்சு, கட்டைவிரலால் உங்க கடைக்கே ஒரு கால் போடுங்க. போகலைன்னா மீதிக் காசைக் கொடுக்காதீங்க. என்கிட்ட மாமா இதைச் செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்ப விலை மாறினா மாமா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் மாத்தினதும் தன் போனில் திறந்து பார்த்துட்டு, "வருது மாப்ள"ன்னு ஒரு வார்த்தை. அந்த மெஸ் அண்ணன் மட்டும் இன்னும் திரும்பி வரலை.

உங்க வீட்டில், உங்க தெருவில் ஒரு கடை இருந்தா இன்னைக்கே அதோட சைட்டைப் போனில் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.