அருவியும் அரசின் கொள்கையும்



சிவனொளிபாதமலையையும் அதனைச் சூழ்ந்த மலைத்தொடரையும் நனைக்கும் மழைநீர் களனி கங்கையாகவும் களு கங்கையாகவும் வளவை கங்கையாகவும் பிரிந்து கடலைச் சேர்கின்றது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியும், றப்பர்த் தோட்டங்கள் நிறைந்த கேகாலையும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம். இங்கே நீருக்கும் பஞ்சமில்லை. அந்நீர் விழுவதற்கு வேண்டிய சரிவுக்கும் பஞ்சமில்லை. ஆயினும், அந்நீர் ஒரு காலத்தில் தோட்ட எந்திரங்களைச் சுழற்றிற்று. பின்னொரு காலத்தில் வாளாவே ஓடிற்று. மீண்டும் ஒரு காலத்தில் மின்சாரமாயிற்று. இம்மாற்றங்களுக்கு வானத்தைக் காரணங் கூற இயலாது. அரசாங்கத்தின் கொள்கையும் வங்கிகளின் கடனுமே அவற்றை விளைவித்தன. அவ்வரலாற்றை இன்று நோக்குவோம்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு இருவகை வலு வேண்டும். கொழுந்தை உலர்த்துதற்கு வெப்பம் வேண்டும். அரைக்கும் எந்திரங்களையும் காற்றாடிகளையும் சுழற்றுதற்கு விசை வேண்டும். வெப்பத்தை விறகு தந்தது. விசையைத் தோட்டத்துரைமார் ஓடையிலே தேடினர். ஓடையை மறித்துச் சிற்றணை கட்டி, வாய்க்கால் வழியாக நீரைக் கொண்டு சென்று, இரும்புக் குழாயிற் கீழே பாய்ச்சி நீர்ச்சுழலியைச் சுழலச் செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களில் இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இயங்கின. அவை கம்பனிகளின் சொந்த முதலில் எழுந்தவை; ஆதலின் அவற்றின் பயனும் தொழிற்சாலையோடும் துரையின் பங்களாவோடும் நின்றது. நீர் ஓடி வந்த வாய்க்காலை வெட்டியவர் வாழ்ந்த லயன் காம்பராக்களில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது.

நாடு முழுவதற்கும் நீர்மின்சாரம் வேண்டுமென்று முதன்முதற் கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஆவார். 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் தமது ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்தார். அதன்பின் இலக்சபானாத் திட்டத்தின் வேலை தொடங்கப்பெற்று, பணமில்லையென்று இடையில் நிறுத்தப்பட்டது. திட்டத்தைக் கைவிட மனமில்லாத அவர், 1931இல் இரத்தினபுரித் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குட் புகுந்து அதற்காக வாதாடினார். இலக்சபானாவின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டிலேயாம். கட்டுரைக்கும் மின்சாரத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கழிந்தன. நீரும் இருந்தது, அறிவும் இருந்தது. முதலிட வேண்டுமென்னும் துணிவு அரசாங்கத்துக்கு இருக்கவில்லை.

இலக்சபானாவின் பின்னர் அரசாங்கத்தின் மின்கம்பிகள் மலைநாட்டில் நெடுந்தூரம் பரவின. சிற்றணையைத் தூர்வாருவதும் பழைய சுழலியைப் பழுதுபார்ப்பதும் வீண் தொல்லையாகத் தோன்றின. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர் சுழலிகள் பலவற்றைக் கவனிப்பாரில்லை. 1980களில் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவென்னும் பிரித்தானிய நிறுவனம் தோட்ட நிலையங்கள் சிலவற்றைப் புதுப்பிக்கத் துணைநின்றது. எனினும், தோட்டமொன்று தன் தேவைக்கு மேல் உண்டாக்கும் மின்சாரத்தை விற்பதற்கு ஏற்ற ஒழுங்கு அன்று இருக்கவில்லை. மிகுந்த நீர் ஓடையிலேயே மிகுந்தது.

1996ஆம் ஆண்டின் வறட்சி நாட்டை இருளில் ஆழ்த்தியது. பெரிய நீர்த்தேக்கங்களை மட்டும் நம்புவதன் ஆபத்து அப்பொழுது விளங்கிற்று. அதனையொட்டி இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. முதலாவது, 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட நிலையங்களின் மின்சாரத்தை 15 ஆண்டுகளுக்கு வாங்குவதாக மின்சார சபை ஒரே மாதிரியான ஒப்பந்தத்தை வெளியிட்டது. இரண்டாவது, 1997இல் தொடங்கிய எரிசக்திச் சேவைத் திட்டத்துக்கு உலக வங்கிக் குழுமம் 24.2 மில்லியன் டொலர் கடனும், உலகச் சுற்றாடல் நிதியம் 5.9 மில்லியன் டொலர் நன்கொடையும் அளித்தன.

அக்கடன் இயங்கிய முறை கருதத்தக்கது. பணம் அரசாங்கத்தின் வழியாக உள்நாட்டு வங்கிகளுக்குச் சென்றது. வங்கிகள் முயற்சியாளருக்கு நீண்ட தவணையில் வழங்கின. நீர்மின் நிலையத்துக்கு எரிபொருட் செலவில்லை. செலவனைத்தும் தொடக்கத்திலேயே வந்து நிற்கின்றது. அத்தகைய தொழிலைக் குறுந்தவணைக் கடன் நெரித்துவிடும். விலைக்கு ஓர் ஒப்பந்தமும் கடனுக்கு ஒரு நீண்ட தவணையும் கிடைத்தவுடன், 2002ஆம் ஆண்டளவில் 31 மெகாவாற்றுச் சிறு நீர்மின்சாரம் எழுந்தது. அவ்வாண்டிலேயே 75 மில்லியன் டொலர்க் கடனுடன் அடுத்த திட்டமும் தொடங்கிற்று. இரத்தினபுரி மாவட்டத்தில் ஏறத்தாழ 10 மெகாவாற்று வலுவுள்ள எரத்ன நிலையம் 2004இல் இயங்கத் தொடங்கிற்று.

குறைகளும் இல்லாமலில்லை. முதல் ஒப்பந்தத்தில் விலையானது, மின்சார சபைக்கு மிச்சமாகும் எரிபொருட் செலவை அளவாகக் கொண்டது. எண்ணெய் விலை தாழ்ந்தால் அருவியின் வருமானமும் தாழ்ந்தது. ஆகவே, பின்னர் நிலையத்தின் ஆக்கச் செலவையே அளவாகக் கொள்ளும் விலைமுறை வந்தது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் நிறுவப்பட்டது. எனினும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மின்சார சபை சிறு உற்பத்தியாளருக்குத் தரவேண்டிய பணம் பல மாதங்கள் நிலுவையாயிற்று. வாங்குவோன் பணம் கொடுக்க இயலாதபோது, எத்துணை நல்ல ஒப்பந்தமும் வெறுங் கடதாசியாம். மேலும், அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடை வறண்டு, மீனினங்களும் கீழ்ப்புறத்து மக்களும் துன்புறுதலையும் நாம் மறத்தலாகாது.

இனி, யாருக்கு ஒளி என்னும் கேள்வி எஞ்சுகின்றது. 1997ஆம் ஆண்டுத் திட்டத்தில் கிராமத்தவர் தாமே சங்கம் அமைத்து, சிற்றோடையில் மின்சாரமெடுத்து, 1,732 குடும்பங்களுக்கு ஒளியேற்றினர். கடன் வாங்கவும் சங்கம் நடத்தவும் அவர்களுக்கு நிலமும் வீடும் இருந்தன. தோட்டத் தொழிலாளருக்கோ லயன் காம்பரா தோட்டத்தின் சொத்து. அங்கே மின்னிணைப்புப் பெறவும் நிருவாகத்தின் இசைவு வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கையும் அவர்களிடமிருந்து பறித்தது. ஆதலால், அவர்களுடைய விளக்கைப் பற்றிக் கேட்பதற்குச் சபையிலே குரலும் குறைந்தது. இலக்சபானாவுக்கு ஒரு விமலசுரேந்திர இருந்தார். லயத்துக்கு அத்தகைய ஒருவர் நெடுங்காலம் வாய்க்கவில்லை.

நாட்டின் மின்சாரத்தில் 70 விழுக்காட்டை 2030ஆம் ஆண்டளவில் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்பது அரசாங்கம் வகுத்துக்கொண்ட இலக்கு. அதற்கெனப் புதுக் கடன்களும் புது ஒப்பந்தங்களும் எழுதப்படும். நூறாண்டு வரலாறு அவற்றை எழுதுவோருக்கு மூன்றினைக் கற்பிக்கின்றது: விலை உறுதியாக இருத்தல் வேண்டும், கடனின் தவணை நீண்டிருத்தல் வேண்டும், தோட்டத்து ஓடையிலிருந்து விற்கப்படும் மின்சாரத்தின் வருவாயில் அத்தோட்டத்து மக்களுக்கும் ஒரு பங்கு எழுத்தில் இருத்தல் வேண்டும். முதலிரண்டையும் நாடு தாமதித்தேனும் கற்றுக்கொண்டது. மூன்றாவது இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கின்றது.