கே. ராமானுஜம்: கோடுகளுக்குள் ஒளிந்திருந்த ஒரு மனிதர்

போன முறை கணக்குப்பதிவியல் பற்றி எழுதி உங்களைத் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். அதனால் இந்த முறை ஓவியம். காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மரக்காணத்தில் பஸ் ஏறி கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போனால், உப்பளமெல்லாம் பின்னால் போய், கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம், முட்டுக்காடு என்று வரிசையாக ஊர்கள் வரும். அப்புறம் ஈஞ்சம்பாக்கம். அங்கே கடல் பக்கமாக ஒரு பலகை தெரியும்: சோழமண்டல் ஓவியர் கிராமம். பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனையோ தடவை அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏதோ ரிசார்ட் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே வாழ்ந்து, 1973-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் கே. ராமானுஜம். (கணித மேதை இல்லை. இவர் ஓவியர்!)

முதலில் அந்தக் கிராமத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957-ல் அதன் பொறுப்புக்கு வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். தன் மாணவர்கள் படிப்பை முடித்ததும் வயிற்றுப் பாட்டுக்காக ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்து, படம் போடுவதையே விட்டுவிடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி நம் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்து, பத்திக் துணி போன்றவற்றைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். பகலில் விற்பதற்குக் கைவினை, மிச்ச நேரத்தில் தனக்குப் பிடித்த ஓவியம். அரசு மானியத்தை நம்பாமல் ஓவியர்கள் தாங்களே கட்டிய ஊர். அப்போது அது வெறும் மணல்வெளி. இன்றைக்கு இருக்கிற அகலமான சாலையும் கிடையாது, ரிசார்ட்டும் கிடையாது.

பணிக்கரின் மாணவரான ராமானுஜம் அங்கே வந்து தங்கினார். பிறந்தது 1940-ல். பேச்சு சரளமாக வராது, மனிதர்களோடு பழகுவதும் கஷ்டம். அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் இருந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

இப்போது அவருடைய படங்களுக்கு வருவோம். பெரும்பாலும் பேனாவும் மையும்தான். காகிதத்தில் ஒரு விரல் வைக்க இடம் இல்லாதபடி கோடுகள். மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் பின்னி ஓர் இருட்டை உண்டாக்கும். அந்த இருட்டுக்குள்ளிருந்து கோபுரங்களும் மாடங்களும் வளைவுகளும் எழும்பும். இறக்கை முளைத்த விலங்குகள், நெளியும் பாம்புகள், தேவலோகத்துப் பெண்கள் எல்லாம் வரும். நம் ஊர்க் கோவில் தேரும் திருவிழா ஜோடனையும் கனவில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. நெட்டில் பார்க்கும்போதே பிரமிப்பாக இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஓர் ஆள் அடிக்கடி வருவார். தலையில் தொப்பி. அந்த மாய நகரத்தில் பெரிய மனிதராக உலா வருவார். அது வேறு யாருமில்லை, ராமானுஜமேதான்.

எனக்கு இந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது. நாலு பேர் முன்னால் நாலு வார்த்தை பேசத் தடுமாறியவர், காகிதத்தில் தனக்கென்று ஒரு ராஜ்ஜியத்தைக் கட்டி அதற்குள் நிமிர்ந்து நடந்திருக்கிறார். 'மனநோயாளி வரைந்த படம்' என்று சொன்னால் நாம் பயத்தையும் கோரத்தையும்தான் எதிர்பார்ப்போம். இவர் படங்களில் நான் பார்த்தது ஆசை. நாலு பேர் தன்னை 'வா' என்று கூப்பிட வேண்டும் என்ற சாதாரண ஆசை. இது என் ஊகம்தான். ஓவியர் மனசுக்குள் போய் யாரும் பார்க்க முடியாது. ஆனால் அந்தத் தொப்பி மனிதரை ஒருமுறை பார்த்துவிட்டால் நீங்களும் இப்படித்தான் நினைப்பீர்கள்.

சென்னையின் கன்னிமாரா ஹோட்டலுக்காக அவர் பெரிய சுவரோவியங்களும் செய்தார். அதாவது, திறமையைக் கண்டுகொள்ள ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆசிரியர் இருந்தார், கூட வாழ்ந்த ஓவியர்கள் இருந்தார்கள், வேலையும் வந்தது. இருந்தும் 1973-ல், முப்பத்து மூன்று வயதை ஒட்டி, அந்தக் கிராமத்திலேயே அவர் வாழ்க்கை முடிந்தது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மனநோயாளிகளுக்கு அப்போது நாட்டில் இருந்த சட்டம் 1912-ல் வெள்ளைக்காரன் போட்ட லூனசி சட்டம். 'பைத்தியம்' என்பதே சட்டத்தின் தலைப்பு! அதற்குப் பதிலாக மனநலச் சட்டம் வந்தது 1987-ல்தான். தற்கொலைக்கு முயன்று ஒருவர் பிழைத்துவிட்டால் அவர் மேல் இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவின்படி வழக்குப் போடலாம். சாகத் துணிந்த அளவுக்கு வலியில் இருப்பவனுக்குச் சட்டம் தந்தது ஜெயில். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லை.

மருத்துவமே இல்லாத காலமா என்றால், அதுவும் இல்லை. ஸ்கிசோஃப்ரினியாவுக்கான முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் 1950களிலேயே வந்துவிட்டது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961-லிருந்து டாக்டர் சாரதா மேனன் நடத்திக்கொண்டிருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபின் நோயாளிக்கு யார் துணை என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். ராமானுஜம் போய்ப் பதினோரு வருஷம் கழித்து. ஆனால் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே நாம் சினிமாவில் ஜோக்காக வைத்திருக்கிறோமே, அதற்கு மருந்து எங்கே?

வெளிநாட்டிலும் இந்தக் கதைதான். ஜெர்மனியில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர் மனநல விடுதிகளில் இருந்தவர்களின் படங்களைச் சேகரித்து 1922-ல் ஒரு புத்தகம் போட்டார். ஐரோப்பிய ஓவியர்கள் அதைப் பார்த்து அசந்துபோனார்கள். பின்னால் வந்த நாஜிகளோ, 1937-ல் தொடங்கிய 'சீரழிந்த கலை' கண்காட்சியின் பிரசாரத்துக்கு அதே படங்களைப் பயன்படுத்தி, நவீன ஓவியமே பைத்தியக்காரத்தனம் என்று கேலி செய்தார்கள். அந்தப் புத்தகத்தில் இடம்பெற்ற ஃப்ரான்ஸ் கார்ல் பியூலர் என்ற ஓவியர், நோயாளி என்ற ஒரே காரணத்துக்காக 1940-ல் கொல்லப்பட்டார். ராமானுஜம் பிறந்த அதே வருஷம்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'நோய் இருந்ததால்தான் இப்படி வரைந்தார்' என்று சொல்வது பாராட்டு மாதிரி இருந்தாலும் அநியாயம். ஸ்கிசோஃப்ரினியா லட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது, அதற்காக எல்லோருக்கும் இந்தக் கோடு வருமா? அவர் முறையாகக் கல்லூரியில் படித்தவர், நல்ல ஆசிரியரிடம் பயின்றவர், விடாமல் உழைத்தவர். கை அவருடையது. நோய் அவருக்குக் கொடுத்தது கஷ்டம்தான்.

இன்றைக்கு அவருடைய படங்கள் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகின்றன. காமர்ஸ் புத்தி உடனே கணக்குப் போடுகிறது: வரத்து நின்றுவிட்டது, தேவை கூடுகிறது, விலை ஏறுகிறது. பாடப்புத்தகப்படி சரிதான். ஆனால் இந்தக் கணக்கில் வரத்து ஏன் நின்றது என்பதற்கு ஒரு காலம் கிடையாது.

சரி, காரணம் சொல்கிறேன் என்றேனே. எங்கள் பக்கம் உப்பளத்தில் ஒருத்தர் இருந்தார். மழைக்காலத்தில் உப்பு வேலை நின்றுவிடும். தை மாதம் பாத்தி திருத்த ஆரம்பிப்பதற்கு முன், காய்ந்த களிமண்ணில் குச்சியால் எதையோ வரைந்துகொண்டே இருப்பார். வீடு மாதிரி இருக்கும், மரம் மாதிரி இருக்கும், பாத்திக்குப் பாத்தி நீண்டுகொண்டே போகும். யாரிடமும் பேச மாட்டார். ஊரில் அவருக்கு ஒரே பெயர்தான், அது என்ன என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் பையன்கள் சேர்ந்து அதன் மேல் ஓடி மிதிப்போம். அவர் கோபப்பட மாட்டார். நாங்கள் போன பிறகு மறுபடி முதலிலிருந்து வரைவார். ஒரு வருஷம் அவரைக் காணவில்லை. எங்கே போனார் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ராமானுஜத்தின் படங்களைப் பார்த்த அன்றைக்கு இரவு எனக்கு அந்தக் களிமண்தான் ஞாபகம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று ஒருநாள்கூட நின்று பார்க்கவில்லையே!

நண்பர்களே, நம் வகுப்பிலும் பேசாமல் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கிக்கொண்டே இருக்கிற ஒருத்தர் இருப்பார். பக்கத்தில் போய் உட்காருங்கள். 'என்ன வரையுற, காட்டு' என்று கேளுங்கள். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னால், 14416 என்ற டெலிமனஸ் எண்ணைச் சொல்லுங்கள். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். 1973-ல் இந்த எண் இல்லை. இப்போது இருக்கிறது.

அடுத்த பதிவில் சந்திப்போம்.