மேசைக் கணினியின் எதிர்பாரா நிறுத்தம்

மேசைக் கணினியின் எதிர்பாரா நிறுத்தம் என்பது, பயனர் கட்டளையிடாமலேயே கணினி அணைந்துபோவதையோ தானாக மீளத் தொடங்குவதையோ குறிக்கும். இது தனியொரு பழுதன்று. பல பழுதுகளின் பொதுவான அறிகுறி ஆகும். மின்சாரம், வெப்பம், வன்பொருள், மென்பொருள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். இத்தகைய நிறுத்தத்தால் சேமிக்கப்படாத பணி அழிவதுடன், வன்தட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகளும் சிதையக்கூடும். ஆகவே, சோதனையைத் தொடங்குமுன் தேவையான கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் முதற்பணியாகும்.

நிறுத்தத்தின் தன்மை

கணினி எவ்வாறு நின்றது என்பதே காரணத்தை அறிய உதவும் முதல் தடயம் ஆகும்.

* எவ்வித அறிவிப்புமின்றி உடனே அணைந்தால்: மின்சாரம், மின்வழங்கி அல்லது மிகைவெப்பம்.
* விளையாட்டு, நிகழ்படத் தொகுப்பு போன்ற கடும்பணியின்போது மட்டும் அணைந்தால்: மிகைவெப்பம் அல்லது திறன் போதாத மின்வழங்கி.
* நீலத்திரை தோன்றி மீளத் தொடங்கினால்: நினைவகம், இயக்கி மென்பொருள் அல்லது வன்தட்டு.
* தொடங்கிய சில நொடிகளிலேயே மீண்டும் மீண்டும் அணைந்தால்: உள்ளே சிக்கிக்கொண்ட மின்விசைப் பொத்தான் அல்லது சுழலாத செயலி விசிறி. பொத்தானை ஏறத்தாழ நான்கு நொடிகள் அழுத்திப் பிடித்தால் கணினி அணைவது இயல்பு. சிக்கிய பொத்தானும் இதே விளைவைத் தரும்.

மின்சாரமும் மின்வழங்கியும்

இந்தியாவில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஏர்ட்சு அளவுடையது. இதன் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. இன்டெல் நிறுவனம் 1995 இல் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ் அமைப்பைப் பின்பற்றும் மின்வழங்கிகள், மின்சாரம் நின்ற பின்னரும் தம் மின்தேக்கிகளில் உள்ள மின்னேற்றத்தைக் கொண்டு ஏறத்தாழ 16 மில்லிநொடி வரை கணினியை இயக்கும். அதற்கு மேல் தடை நீடித்தால் கணினி நின்றுவிடும்.

நாகர்கோவிலின் ஒரு பகுதியான கோட்டாறு உள்ளிட்ட நாஞ்சில் நாடு, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நிலப்பகுதியாகும். காற்று வீசும்போது மரக்கிளைகள் மின்கம்பிகளில் உரசுவதால் நொடிப்பொழுது மின்தடைகள் ஏற்படுவதுண்டு. 2017 நவம்பர் இறுதியில் தாக்கிய ஒக்கி புயலின்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய நீண்ட தடையை எவரும் அறிவர். விளக்கு ஒருமுறை மின்னி மறையும் குறுந்தடையே கணினியின் பழுதெனத் தவறாகக் கொள்ளப்படுகிறது.

யூ.பி.எஸ் எனப்படும் தடையிலா மின்வழங்கியும் இதற்கு முழுத் தீர்வாகாது. வீடுகளில் பயன்படும் எளிய வகைகள் மின்கலத்திற்கு மாறச் சில மில்லிநொடிகள் எடுத்துக்கொள்கின்றன. நல்ல நிலையிலுள்ள கணினி மின்வழங்கி அந்த இடைவெளியைத் தாங்கும். மின்தேக்கிகள் வலுவிழந்த பழைய மின்வழங்கி தாங்காது. இதனால் யூ.பி.எஸ் சரியாக இயங்கியும் கணினி அணையலாம். மேலும், ஈய-அமில மின்கலங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். தேய்ந்த மின்கலம் மின்தடை நேரும்போதே தன் குறையைக் காட்டும்.

வெப்பம்

இன்றைய செயலிகள் பலவும் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை நெருங்கும்போது தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. வெப்பம் மேலும் உயர்ந்தால், சேதத்தைத் தவிர்க்கக் கணினி அணைக்கப்படுகிறது. வெப்பத்தணிப்பியில் படிந்த தூசி, நின்றுபோன விசிறி, உலர்ந்த வெப்பப் பசை, சுவரையொட்டி வைக்கப்பட்ட பெட்டி ஆகியவை பொதுவான காரணங்கள். அணைந்தவுடன் மீண்டும் இயக்கி, பயோசில் காட்டப்படும் வெப்பநிலையைப் பார்த்து இதனை ஓரளவு உறுதிசெய்யலாம்.

வன்பொருளும் மென்பொருளும்

தாய்ப்பலகையில் மேற்பகுதி புடைத்த அல்லது கசிந்த மின்தேக்கிகள் கண்ணாலேயே கண்டறியத்தக்கவை. 2000களின் முதற்பாதியில் குறைபாடுள்ள மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகளால் உலகெங்கும் ஏராளமான கணினிகள் பழுதடைந்தன. நினைவகத்தை மெம்டெசுட்டு போன்ற நிரல்களால் சோதிக்கலாம்.

விண்டோசு இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவில் காணப்படும் 41 ஆம் எண் பதிவு, முன்னர் கணினி முறையாக நிறுத்தப்படவில்லை என்பதை மட்டுமே கூறுகிறது. அதை மட்டும் சான்றாகக் கொண்டு மின்வழங்கியை மாற்றுதல் வீண்செலவாக முடியலாம். பிழையின்போது தானாக மீளத் தொடங்கும் வசதியை நிறுத்திவைத்தால் நீலத்திரையில் உள்ள பிழைக் குறியீட்டைப் படிக்க இயலும்.

கண்டறியும் ஒழுங்கு

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்வதே முறையாகும்.

# நின்ற நாள், நேரம், அப்போது செய்த பணி, அறை விளக்கின் நிலை ஆகியவற்றைக் குறித்தல்.
# செருகிகளையும் மின்வடங்களையும் சரிபார்த்து, யூ.பி.எஸ் இன்றி வேறொரு மின்குதையில் இணைத்துப் பார்த்தல்.
# தூசியை அகற்றி, விசிறிகள் சுழல்வதை உறுதிசெய்தல்.
# நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தல்.
# நன்கு இயங்கும் வேறொரு மின்வழங்கியைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தல்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் பழுது நீங்கினாலும் காரணம் விளங்காது.

பாதுகாப்பு

பெட்டியைத் திறக்குமுன் மின்வடத்தைக் கழற்றுதல் வேண்டும். மின்வழங்கியினுள் உள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், இணைப்பைத் துண்டித்த பின்னரும் சிறிது நேரம் நீடிக்கலாம். ஆகவே பயிற்சியற்றோர் அதைத் திறத்தல் ஆகாது. இடி மின்னலுக்கு வாய்ப்புள்ளபோது மின்வடத்தையும் வலையமைப்பு வடத்தையும் முன்கூட்டியே கழற்றி வைத்தல் நலம்.