கைரேகை சோதிக்கப்பட்ட களம்: ரேஷன் மென்பொருளின் வரலாற்றில் ஒரு பக்கம்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாயையொட்டிச் சுமார் அறுபது ஆண்டுகள் நிலைத்திருந்த தமிழர் குடியிருப்பு மதராசி கேம்ப். வீட்டுவேலையும் கூலிவேலையுமே அங்கிருந்தோரில் பெரும்பாலோரின் பிழைப்பு. பாத்திரம் துலக்கியும் சிமெண்ட் குழைத்தும் விரல்நுனியின் கோடுகள் தேய்ந்துபோகும் வேலைகள் இவை. கணினித் துறையின் ஒரு பழைய கேள்வியை இத்தகைய கைகளின் வழியே அணுகலாம்: ஒரு மென்பொருளை எந்தச் சூழலில் சோதித்தால் அச்சோதனையை நம்பலாம்?

நியாயவிலைக் கடையில் விரலை வைத்ததும் பல அமைப்புகள் ஒன்றையொன்று அழைக்கின்றன. கடையிலுள்ள பிஓஎஸ் கருவி, கைப்பேசி வலையமைப்பு, மாநில அரசின் வழங்கி, ஆதார் தரவகம் ஆகிய நான்கும் இசைந்தால்தான் அரிசி கைக்கு வரும். ஒவ்வொன்றும் தனியே சரியாக இயங்குவது போதாது; சேர்ந்து இயங்குகின்றனவா என்று பார்ப்பதே ஒருங்கிணைப்புச் சோதனை. தானியங்கிச் சோதனை ஆயிரம் முறை அலுக்காமல் ஓடும். ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட ரேகைகள் அனைத்தும் தெளிவானவையாக இருந்தால், ஆயிரம் முறையும் ஒரே பொய்யைத்தான் அது சொல்லும்.

ஆதாரை வடிவமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2010இல் ஆந்திரம், கர்நாடகம், பீகார் ஆகிய மாநிலங்களின் ஊர்ப்புறங்களிலேயே முன்னோட்டப் பதிவுகள் நடந்தன. உழைக்கும் கைகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது சரியான தேர்வு. எனினும் அங்கே சோதிக்கப்பட்டது பதிவு. மாதந்தோறும் கடை வாசலில் நடக்கவேண்டிய சரிபார்ப்பு வேறு. 2018 தொடக்கத்தில் தில்லியின் நியாயவிலைக் கடைகளில் பிஓஎஸ் கருவிகள் வந்தபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. இணைப்பு கிடைக்கவில்லை, ரேகை பொருந்தவில்லை, உரியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். சில மாதங்களிலேயே அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. தவறிய சோதனைக்கான விலையைக் கொடுத்தவர்கள் வரிசையில் நின்றவர்கள்.

அடுத்த கட்டம் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு'. 2019 ஆகஸ்டில் ஆந்திரம்–தெலங்கானா, குசராத்–மகாராட்டிரம் என அண்டை மாநில இணைகளில் அது தொடங்கியது. முதல் இணை 2014 வரை ஒரே மாநிலம். மொழியும் நிர்வாக மரபும் ஒன்றாயிருந்த, எளிதான களம். எளிதான களத்தில் தொடங்குவது முறையே. பிழை எங்கே என்று பிரித்தறிய அது உதவும். ஆனால் அங்கே பெற்ற வெற்றி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இணைக்குச் சான்றாகாது. 2020 சனவரியில் 12 மாநிலங்கள் இணைந்தன. அவற்றுள் தமிழ்நாடும் இல்லை, தில்லியும் இல்லை. அவ்வாண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ஊரில் அட்டையும் தில்லியில் பசியுமாக இருந்தவருக்கு இவ்வழி திறக்கப்படவில்லை. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2021 சூன் இறுதியில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்தபின், சூலையில் தில்லியும் சேர்ந்தது. புலம்பெயர்ந்தோர் மிகுதியாக வந்துசேரும் நகரம், சோதனை வரிசையில் ஏறக்குறைய கடைசியில் நின்றது.

விதிகளும் சோதனைச் சூழலின் பகுதியே. தமிழ்நாட்டின் பொது விநியோகம் அனைவருக்குமானது. மாநிலம் விட்டு மாநிலம் செல்வதோ தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டை மட்டும். முன்னுரிமையற்ற அட்டை வைத்திருப்பவர் தில்லிக் கடையில் விரல் வைத்தால், எந்தக் கருவியும் பழுதாகாமலேயே மறுப்பு வரும். நிரலர் அதை வெற்றியென்று குறித்துக்கொள்ளலாம். பசித்தவருக்கு அது தோல்வி.

2025 சூன் 1 அன்று உயர் நீதிமன்ற ஆணைப்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது நகரின் வடகோடியிலுள்ள நரேலா. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அட்டை அதேதான், விரலும் அதேதான். கடை, வலையமைப்பு, முகவரி எல்லாம் மாறின. அடிக்கடி இடம்பெயர நேரும் இம்மக்களே இந்த மென்பொருளின் மிகக் கடினமான பயனர்கள். அவர்களுடைய தேய்ந்த ரேகையும் நிலையற்ற முகவரியும் கடைசியில் பார்த்துக்கொள்ளவேண்டிய விதிவிலக்குகள் அல்ல. சோதனை தொடங்கவேண்டிய இடமே அதுதான்.